அகில இந்திய விலை, உள்ளூர் ஆபத்து: கொங்குநாட்டில் நீட்டிப்பு வாரண்டி

கோவை கிராஸ்கட் ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ ஒரு ஷோரூமுக்கு டிவி வாங்கப் போகும் குடும்பம் திரையின் அளவைப் பார்க்கவும் படத்தின் தெளிவை ஒப்பிடவும் அரை மணி நேரமாவது செலவிடும். நாலு டிவிகளை ஓடவிட்டுப் பார்க்கும், விலையில் ஐநூறு குறையுங்கள் என்று விடாமல் பேசும். எல்லாம் முடிந்து பில் போடும் மேசைக்கு வந்த பிறகுதான், “எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சேர்த்துப் போட்டுறலாங்களா?” என்ற கேள்வி வரும். ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசியவர், மூவாயிரமோ நாலாயிரமோ ஆகும் ஒரு செலவுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டே வகை: ‘வாங்கிவிட்டால் நிம்மதி’ என்பது ஒன்று, ‘எல்லாம் ஏமாற்று வேலை’ என்பது மற்றொன்று. இரண்டுமே எந்தப் பொருள், எந்த ஊர், யாருடைய வீடு என்று கேட்பதில்லை. வாரண்டியின் விலை பொதுவாக நாடு முழுவதற்கும் ஒன்றாக வைக்கப்படுகிறது. பொருள் கெடுவதற்கான காரணங்களோ ஊருக்கு ஊர் மாறுகின்றன. கொங்குநாட்டைப் பொறுத்தவரை, அந்த வாரண்டித் தாள் ஏற்றுக்கொள்ளும் ஆபத்துகளில் பல இங்கே மலிவாகச் சரிசெய்யக்கூடியவை. இங்கே உண்மையில் பொருளைக் கெடுக்கும் ஆபத்துகளையோ அந்தத் தாள் பெரும்பாலும் விலக்கி வைக்கிறது. இந்த இடைவெளியை அளந்து பார்த்தால், வாங்க வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்பது தானாகவே தெளியும்.

இந்த வட்டாரம் இயந்திரத்தோடு பழகிய விதத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரை இங்கே செய்தார்கள். 1955-ல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் பின்னாளில் கோயம்புத்தூரின் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்றது. 2011-க்குப் பிறகு தமிழக அரசு வீடுவீடாக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது அந்தக் கிரைண்டர் ஊர்தோறும் போய்ச் சேர்ந்தது. இந்த நீண்ட பழக்கத்தில், செய்பவரும் விற்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஊரில், பல சமயம் ஒரே தெருவில் இருந்தார்கள். கிரைண்டரின் கல் தேய்ந்தால் கொத்திக் கொடுக்க ஆள் உண்டு. பெல்ட் அறுந்தால் மாட்டிக் கொடுக்கக் கடை உண்டு. அங்கே வாரண்டி என்பது முகம் தெரிந்தவர் கொடுத்த வாய்ச்சொல். தயாரிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே தூரம் கூடக் கூடத்தான் அந்தச் சொல் அச்சடித்த அட்டையாக மாறியது. அட்டையின் காலம் போதாது என்று தோன்றும்போது, கூடுதல் காலத்தைத் தனியாக விற்பனைக்கு வைத்தார்கள்.

இதே வட்டாரத்தின் விவசாயி தன் மோட்டாரை நடத்தும் முறை இங்கே நமக்கு நல்ல சான்று. ஆயிரம் அடி ஆழ்குழாயில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார், வீட்டு டிவியைவிட விலை கூடியது, அதைவிட அதிகம் கெடக்கூடியது. வோல்டேஜ் குறைந்தாலோ ஒரு பேஸ் போனாலோ காயில் கருகிவிடும். கெட்டால் பயிர் வாடும். அப்படியிருந்தும் மோட்டாருக்கு நீட்டிப்பு வாரண்டி வாங்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அவர் செய்வது வேறு: ஸ்டார்ட்டரும் ரிலேயும் நல்லதாகப் போடுவார், காயில் கட்டும் கடையைத் தெரிந்து வைத்திருப்பார், வருஷத்தில் ஒருமுறை இப்படியொரு செலவு வரும் என்று மனத்தில் கணக்கு வைத்திருப்பார். ஆபத்தைக் குறைப்பது, பழுதுபார்க்கும் வழியை அறிந்திருப்பது, மிச்சத்தைத் தானே தாங்குவது என்ற மூன்றும் சேர்ந்த இந்த முறையைச் ‘சுய காப்பீடு’ எனலாம். காட்டில் இவ்வளவு தெளிவாக யோசிக்கும் குடும்பம் ஷோரூம் மேசையில் ஏன் வேறு விதமாக யோசிக்கிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய புதிர்.

முதலில் அந்தத் தாள் என்னவென்று பார்க்க வேண்டும். பொருளோடு இலவசமாக வரும் வாரண்டி பொருளின் விலையிலேயே அடங்கியது. நீட்டிப்பு வாரண்டி தனியாக விலை கொடுத்து வாங்கும் ஒரு சேவை ஒப்பந்தம். வரிச் சட்டமே இதைப் பிரித்துக் காண்கிறது: பொருளை விற்பவர் ஒருவர், நீட்டிப்பு வாரண்டியைத் தருபவர் வேறொருவர் என்றால் அதைத் தனிச் சேவையாகவே கருத வேண்டும் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2024 ஜூனில் விளக்கியது. நாம் கொடுக்கும் தொகைக்குள் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் அடங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தைத் தருபவர் தயாரிப்பு நிறுவனமாக இருக்கலாம், கடையாக இருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனமாகவும் இருக்கலாம். காப்பீடு போலத் தோன்றினாலும் இது பெரும்பாலும் காப்பீட்டுப் பாலிசியாக இருப்பதில்லை. ஆகவே சிக்கல் வந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகும் வழி பொதுவாக இல்லை, நுகர்வோர் ஆணையம்தான் கதி. ‘மூன்று வருட வாரண்டி’ என்று சொல்லும்போது முதல் வருடம் தயாரிப்பாளர் ஏற்கெனவே கொடுத்தது. நாம் காசு கொடுப்பது பின்னிரண்டு வருடங்களுக்கு மட்டும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் ஏசி ஆகியவற்றின் கம்ப்ரஸருக்கும் வாஷிங் மெஷினின் மோட்டாருக்கும் பல நிறுவனங்கள் பத்து ஆண்டு வரை தாமாகவே பொறுப்பேற்கின்றன. விலை கூடிய அந்தப் பாகங்களைக் கழித்துவிட்டால், நீட்டிப்பு வாரண்டிக்கு மிஞ்சுவது எலக்ட்ரானிக் போர்டு, சென்சார், ஃபேன் மோட்டார், கேஸ் கசிவு போன்றவைதான். அவற்றிலும் கேஸை ஏற்றுக்கொள்ளாத ஒப்பந்தங்கள் உண்டு.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு 40,000 ரூபாய் டிவிக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை டிவிக்கு வரும் ஒரு சராசரிப் பழுதைச் சரிசெய்ய 8,000 ரூபாய் ஆகும் என்றும் கொள்வோம். வாரண்டியின் விலையைப் பழுதின் செலவால் வகுத்தால் பாதி வருகிறது. அதாவது, அந்த இரண்டு ஆண்டுக்குள் இரண்டு டிவியில் ஒன்று கெடும் என்றால்தான் கொடுத்த காசுக்குச் சரியாகும். பழுது என்றால் 20,000 ரூபாய் பேனல்தான் போகும் என்று பயந்தாலும், ஐந்தில் ஒன்று கெட வேண்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “நீங்கள் விற்ற இந்த மாடலில் இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் இரண்டுக்கு ஒன்று திரும்பி வருகிறதா?” ஆம் என்றால் அந்த டிவியையே வாங்கக் கூடாது, இல்லை என்றால் வாரண்டியை வாங்க வேண்டியதில்லை. மின்னணுப் பொருள்களின் பழுது ஒரு குளியல் தொட்டியின் வடிவில் அமைகிறது என்பது பொறியாளர்கள் அறிந்த விஷயம்: தயாரிப்புக் குறை இருந்தால் தொடக்க மாதங்களிலேயே தெரிந்துவிடும், பிறகு பல ஆண்டு சமதளம், கடைசியில் தேய்மானத்தால் மீண்டும் ஏற்றம். தொடக்கப் பழுதை இலவச வாரண்டி பார்த்துக்கொள்கிறது. தேய்மானப் பழுது வருவதற்குள் நீட்டிப்பு முடிந்துவிடுகிறது. நாம் விலை கொடுப்பது பெரும்பாலும் நடுவிலுள்ள அந்தச் சமதளத்துக்கு.

அந்த 4,000 ரூபாய் எங்கே போகிறது என்று பார்த்தாலும் இதே முடிவுதான். வரி போக, கடைக்குக் கமிஷன், ஒப்பந்தம் நடத்தும் நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, அதன் லாபம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் பழுதுக்குச் செலவாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். எல்லாக் காப்பீட்டிலும் சுமைகூலி உண்டு என்பது உண்மைதான். வீடு எரிந்தால், குடும்பத்தலைவர் இறந்தால், பெரிய ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் குடும்பமே நிலைகுலைந்துவிடும். அத்தகைய இழப்புக்குச் சுமைகூலி கொடுப்பது புத்திசாலித்தனம். எட்டாயிரம் ரூபாய்ப் பழுது பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு எரிச்சல் தரும், நிலைகுலைக்காது. இவ்வளவு சிறிய இழப்பைக்கூடத் தாங்க முடியாமல் ஒருவர் பயப்படுவதை, இடர்தவிர்க்கும் சுபாவம் என்ற வழக்கமான விளக்கத்தில் அடக்க முடியாது என்பதைப் பொருளியலாளர் மேத்யூ ராபின் 2000-ல் கணித வழியில் காட்டினார். சிறு தொகைக்கே அப்படி அஞ்சுபவர் பெருந்தொகைகளில் நடைமுறைக்கே ஒவ்வாத அளவு அஞ்ச வேண்டியிருக்கும். அப்படி யாரும் வாழ்வதில்லை.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களின் விடைகள் ஒரு திசையில் சேருகின்றன. மரீக்க ஹைசன்ட்ரூயிட், டேனியல் ரீட் இருவரும் 2010-ல் வெளியிட்ட கள ஆய்வில், பொருள் கெடும் வாய்ப்பையும் பழுதின் செலவையும் நுகர்வோர் மிகையாக மதிப்பிடுவதைக் கண்டார்கள். அமெரிக்க மின்னணுக் கடையொன்றின் விற்பனைத் தரவுகளை ஆராய்ந்து ஹோசே மிகெல் அபிட்டோ, யுவல் சலான்ட் ஆகியோர் 2019-ல் எழுதிய கட்டுரையும், இந்தச் சந்தையின் லாபம் பெரிதும் இந்தத் தவறான மதிப்பீட்டின் மேல்தான் நிற்கிறது என்ற முடிவுக்கு வந்தது. உண்மையான பழுது வீதத்தைச் சொன்னால் வாங்க முன்வரும் விலை இறங்குகிறது. தாவோ சென், அஜய் கல்ரா, பாவ்ஹொங் சன் மூவரும் 2009-ல் காட்டியது இன்னும் கவலைக்குரியது: தேவைக்கு வாங்கும் பொருளைவிட ஆசைக்கு வாங்கும் பொருளுக்கே இந்த ஒப்பந்தம் அதிகம் வாங்கப்படுகிறது, வருமானம் கூடியவர்களைவிடக் குறைந்தவர்களே இதை அதிகம் வாங்குகிறார்கள். வாரண்டிக் கேள்வி ஏன் கடைசியில் வருகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. நாற்பதாயிரம் செலவழிக்கத் துணிந்த கைக்கு நாலாயிரம் சில்லறையாகத் தெரிகிறது. இப்போதுதான் ‘நம்முடையது’ ஆன பொருளை இழக்கும் பயம் அந்த நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. மாதத் தவணையில் சேர்த்துவிட்டால் அந்தச் சில்லறையும் கண்ணில் படாது.

சந்தை இதைத் தானாகத் திருத்திக்கொள்ளாது என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் சாட்சி. அங்கே போட்டி ஆணையம் 2003-ல் வீட்டு மின்சாதனங்களின் நீட்டிப்பு வாரண்டிச் சந்தையை விசாரித்து, பெரிய கடைகள் மிகை லாபம் ஈட்டுகின்றன என்று கண்டது. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆணை, வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்கு அருகிலேயே எழுதி வைக்க வேண்டும், வாடிக்கையாளர் யோசித்து வரும் வகையில் 30 நாள் அதே விலையில் தர வேண்டும், வாங்கிய பிறகும் 45 நாளுக்குள் ரத்து செய்ய அனுமதிக்க வேண்டும் என்று விதித்தது. மூன்று விதிகளும் குறிவைப்பது ஒன்றையே: பில் மேசையின் அரை நிமிடத்தை நீட்டிக்கின்றன. இந்தியாவில் கடை மேசைக்கு இப்படிப்பட்ட தனி ஆணை இல்லை. இணைய விற்பனைக்கு ஓரளவு பாதுகாப்பு வந்திருக்கிறது: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைத் தந்திரங்களைத் தடைசெய்கின்றன, வாங்குபவர் கேட்காத ஒன்றை அவருடைய கூடையில் நைசாகச் சேர்த்துவிடுவதும் அவற்றில் ஒன்று. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த வாரண்டிப் பெட்டி இந்த வகையில்தான் சேரும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கொங்குநாட்டுக்கே உரியதை இனிப் பார்க்க வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வருகிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏசியின் வெளிப்பக்கக் காயிலை அரிக்கும் உப்புக்காற்று இங்கே இல்லை, ஏசி ஓடும் மாதங்களும் குறைவு. சென்னைக்காரரும் கோவைக்காரரும் ஒரே விலை கொடுத்தால், கோவைக்காரர் தன் பங்குக்கு மேல் கொடுக்கிறார் என்று பொருள். வெயில் காயும் ஈரோடும் கரூரும் வேறு கதை; அங்கே ஏசி உழைக்கும் நேரம் கூடுதல். ஆனால் கொங்குநாடு முழுவதற்கும் பொதுவான எதிரிகள் மூன்று. ஒன்று, வோல்டேஜ் ஏற்றத்தாழ்வும் இடியும். தறிகளும் மோட்டார்களும் ஒரே லைனில் இழுக்கும் ஊர்களிலும், டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில் லைனின் கடைசியில் நிற்கும் வீடுகளிலும் வோல்டேஜ் தள்ளாடும். இரண்டு, தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரை நம்பும் பல்லடம், அவிநாசி வீட்டுக்கும் கீசரின், வாஷிங் மெஷினின் ஆயுள் ஒன்றாக இருக்காது. ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு படிந்து கனத்துவிடும். மூன்று, பஞ்சுத் தூசியும் பல்லியும் எலியும். திருப்பூரிலும் சோமனூரிலும் காற்றில் மிதக்கும் தூசி ஃபேனிலும் ஃபில்டரிலும் அடைகிறது. ஏசியின் வெளிப்பெட்டிக்குள் புகும் பல்லி போர்டில் ஷார்ட் ஆக்கிவிடும். இப்போது ஒப்பந்தத்தின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படித்தால், வோல்டேஜ் மாறுபாடு, மின்னல், தண்ணீரால் வரும் படிவு, பூச்சி, எலி, வெளியிலிருந்து வரும் சேதம் ஆகியவை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். நம் ஊரில் பொருளைக் கொல்வதையெல்லாம் விட்டுவிட்டு, தானாகச் சாவதை மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. அதே பணத்துக்கு நல்ல ஸ்டெபிலைசர் வரும், சரியான எர்த்திங் வரும், வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் வரும். அவை பழுதையே குறைக்கின்றன. தாள் பழுதைக் குறைப்பதில்லை.

செல்போனைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. போன் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. கைதவறி விழுகிறது, தண்ணீரில் நனைகிறது. நீட்டிப்பு வாரண்டி இந்த இரண்டையும் ஏற்காது. திரை உடைவுக்கும் நீர்ச்சேதத்துக்கும் ஆன விபத்துப் பாதுகாப்புத் திட்டம் வேறு. அதில் ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை முறை, போனின் வயதுக்கேற்ப மதிப்பு எவ்வளவு குறைக்கப்படும் என்பவை எல்லாம் கணக்கில் வரும். திரை மாற்றும் செலவு போன் விலையில் பெரும்பகுதியை எட்டும் உயர்விலைப் போனுக்கு, அடிக்கடி போனைக் கீழே போடும் பழக்கம் உள்ளவருக்கு, இந்த இரண்டாவது திட்டம் கட்டுப்படியாகலாம். பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனுக்கு ஒரு நல்ல உறையும் கண்ணாடி ஒட்டலும் போதும். எதை வாங்குகிறோம் என்று பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், ‘விழுந்தால் தருவீர்களா?’ என்று கேட்டால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது முதலாவது: அந்தக் காலத்து மிக்சியும் கிரைண்டரும் வேறு, இந்தக் காலத்துப் பொருள் வேறு, காயில் கட்டிக் கொடுத்த ஊரில் போர்டை யார் கட்டிக் கொடுப்பார்கள்? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சில்லு மட்டத்தில் போர்டைச் சரிசெய்யும் கடைகள் கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கின்றன. ஆனாலும் ஒட்டி மூடிய பொருள்கள், வெளியே கிடைக்காத உதிரிபாகங்கள், நிறுவன மென்பொருள் இல்லாமல் திறக்காத பூட்டுகள் ஆகியவை அவர்களின் கையைக் கட்டுகின்றன. இந்தச் சிக்கலை அரசும் உணர்ந்திருக்கிறது. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. செல்போன், மின்னணுப் பொருள், வீட்டுச் சாதனம், வாகனம், வேளாண் கருவி ஆகிய துறைகள் அதில் அடங்கும். பொருள்களுக்குப் பழுதுபார்ப்பு எளிமையின்படி மதிப்பெண் தரும் திட்டத்தை வகுக்க 2024-ல் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. ஆனால் இந்த மறுப்பு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் வாரண்டி மேசை அன்று. பழுதுபார்க்க முடியாத பொருளுக்கு நாலாயிரம் கூடக் கொடுப்பதைவிட, அந்த நாலாயிரத்தைச் சேர்த்துப் பழுதுபார்க்கக்கூடிய பொருளை வாங்குவது மேல். ‘உதிரிபாகம் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டால், கடைசி மேசையின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது மறுப்பு, நிம்மதிக்கு விலை கிடையாதா என்பது. உண்டு, ஆனால் அந்த நிம்மதியை மலிவாக வாங்கும் வழியும் உண்டு. ஒரு வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கீசர், இரண்டு மூன்று போன், ஒரு லேப்டாப், இன்னும் ஒன்றிரண்டு என்று பத்துப் பொருள் இருப்பது இப்போது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் மூவாயிரம் என்று கொண்டால் முப்பதாயிரம். பத்தும் ஒரே சமயத்தில் கெடாது. ஒரு காப்பீட்டு நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துச் செய்வதை, பத்துப் பொருள் உள்ள வீடு சிறிய அளவில் தனக்குள்ளேயே செய்துகொள்ள முடியும். சீட்டு கட்டிப் பழகிய ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை: வாரண்டிக்குக் கொடுக்க இருந்த தொகையை ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் ‘ரிப்பேர் காசு’ என்று போட்டு வைத்தால், அது வோல்டேஜால் கெட்டதா, பல்லியால் கெட்டதா, தானாகக் கெட்டதா என்று கேட்காமல் செலவுக்குக் கைகொடுக்கும். கெடாவிட்டால் காசு வீட்டோடு இருக்கும். எந்த நிறுவனத்தின் தாளிலும் இந்த இரண்டு வசதியும் இல்லை.

ஆனால் இந்தத் தீர்வுக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: கையில் சேமிப்பு இருக்க வேண்டும். மூன்றாவது மறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. திருப்பூரில் வாரக் கூலி வாங்கும் ஒரு பனியன் தொழிலாளிக்கு, போனை நம்பியே வண்டி ஓட்டும் ஒரு டெலிவரி இளைஞருக்கு, ஒரே லேப்டாப்பில் வேலை செய்து கொடுத்துப் பிழைக்கும் ஒருவருக்கு, பத்தாயிரம் ரூபாய்ப் பழுது எரிச்சலோடு நிற்காது. அவர் வட்டிக்கு வாங்க நேரும், அல்லது வேலை நின்றுவிடும். இங்கே இழப்பின் அளவு பழுதின் செலவைவிடப் பெரியது. ஆகவே நம் வகுத்தல் கணக்கும் மாறுகிறது. இவர்களுக்குத் தொழில் கருவியான அந்த ஒரு பொருளுக்கு மட்டும், விபத்தையும் உள்ளடக்கிய பாதுகாப்பை வாங்குவது நியாயமானது. அதே வீட்டின் டிவிக்கு வாங்குவதற்கு அந்த நியாயம் நீளாது. வருமானம் குறைந்தவர்களே இதை அதிகம் வாங்குகிறார்கள் என்ற ஆய்வு முடிவை அவர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தாங்கும் சக்தி குறைந்தவர் பாதுகாப்பைத் தேடுவது இயல்பு. அவருக்கு விற்கப்படும் பாதுகாப்பு அவருடைய உண்மையான ஆபத்தைத் தொடுவதில்லை என்பதுதான் குறை.

நான்காவது மறுப்பு கொங்குநாட்டுக் கிராமங்களில் இன்று அதிகம் கேட்கக்கூடியது. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு, ஃபிரிட்ஜ் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதே பிரச்சினை. பணம் இரண்டாம்பட்சம். ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் ஆள் வருவார் என்ற ஏற்பாட்டுக்காகப் பிள்ளைகள் வாரண்டி போடுகிறார்கள். இந்தத் தேவை உண்மையானது; இதைப் பழுது வீதக் கணக்கால் மறுக்க முடியாது. ஆனால் அப்போது வாங்குவது காப்பீட்டை அல்ல, ஒரு ஆள் வந்து சேரும் சேவையை. ஆகவே கேட்க வேண்டியதும் அதைப் பற்றித்தான்: கோபிக்கும் தாராபுரத்துக்கும் வெளியே உள்ள தோட்டத்துக்கு டெக்னீஷியன் வருவாரா, எத்தனை நாளில் வருவார், வந்து போகும் கட்டணம் உண்டா, இல்லை பொருளை நாமே ஈரோட்டுக்கோ கோவைக்கோ தூக்கிச் செல்ல வேண்டுமா? ஊருக்குள் இருக்கும் நம்பகமான மெக்கானிக் ஒருவரின் எண்ணைச் சுவரில் எழுதி வைப்பதும், அவருக்கு வருடம் ஒருமுறை சர்வீஸ் வேலை கொடுத்து உறவை வைத்திருப்பதும் பல சமயம் இதைவிட விரைவாக ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

நீட்டிப்பு இல்லாவிட்டால் அநாதையாக நிற்போம் என்ற எண்ணமும் சரியல்ல. விற்கப்படும் பொருள் வாங்கிய நோக்கத்துக்குத் தகுந்ததாகவும் தரமானதாகவும் இருக்க வேண்டும் என்பதை 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம், அதில் சொல்லப்பட்ட சூழ்நிலைகளில், எழுதப்படாத நிபந்தனையாகவே கொள்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளுக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் நியாயமற்ற ஒப்பந்தத்துக்கும் எதிராக முறையிட இடம் தருகிறது. நிறைவேற்றும் எண்ணமோ வாய்ப்போ இல்லாத வாரண்டியைக் கொடுப்பதையே அது முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலேயே தீர்ந்துவிடும் புகார்களும் உண்டு. வழக்கு இழுக்கும், தயாரிப்புக் குறை என்று நிரூபிப்பது எளிதல்ல என்பதும் உண்மை. இந்த உரிமைகள் எல்லாப் பழுதையும் தீர்க்காது. ஆனால் நீட்டிப்பு வாரண்டி மறுக்கப்பட்டால் போய் நிற்க வேண்டிய வாசலும் இதே வாசல்தான். தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசி நம்பிக்கை ஒன்றே என்றால், தாளின் மதிப்பு அதைக் கொடுத்தவரின் நாணயத்தையும் ஆயுளையும் பொறுத்தது. 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது, மாதந்தோறும் பணம், முடிவில் கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள் என்ன ஆயின என்பதை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. வாரண்டியை ஈமு மோசடியோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவர் நின்றால்தான் எழுத்து நிற்கும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது. பெயர் தெரியாத மூன்றாவது நிறுவனத்தின் மூன்று வருட வாக்கைவிட, தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பு இந்தக் காரணத்தால் ஒருபடி மேல்.

தயாரிப்பாளர் தரும் நீட்டிப்பில் இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. ‘இப்போது விட்டால் பிறகு கிடைக்காது’ என்ற அவசரத்தை அது உடைக்கிறது. பல நிறுவனங்கள், முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பை வாங்க இடம் தருகின்றன. அப்படியிருந்தால் முடிவை பில் மேசையில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் படம் எடுத்து வைத்துவிட்டு, பதினோராம் மாதத்தில் யோசிக்கலாம். குளியல் தொட்டி வளைவின்படி, குறையுள்ள பொருள் அந்தப் பதினோரு மாதத்தில் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை போர்டு மாற்றப்பட்டு, மறுபடியும் முரண்டு பிடிக்கும் ஏசிக்கு நீட்டிப்பு வாங்குவது அறிவுள்ள செயல். ஒரு தொல்லையும் தராமல் ஓடும் வாஷிங் மெஷினுக்கு வாங்குவது அந்தச் சமதளத்துக்கே காசு கட்டுவது. கடைக்காரர் அரை நிமிடத்தில் கேட்ட கேள்விக்குப் பதினோரு மாதம் கழித்துப் பதில் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

ஆக, வாங்க வேண்டிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: பிழைப்பே அதை நம்பியிருந்து, மாற்று வாங்கச் சேமிப்பும் இல்லாத பொருள், விபத்தையும் ஏற்கும் திட்டத்தோடு வரும் விலை உயர்ந்த போன், முதல் வருடத்திலேயே குறை காட்டிய சாதனம், டெக்னீஷியன் வந்துசேர்வார் என்று உறுதிசெய்துகொண்ட, தனித்திருக்கும் பெற்றோரின் வீடு. மற்றவற்றுக்கு, விலையைப் பழுதின் செலவால் வகுத்துப் பார்த்து, அந்த விகிதத்தில் பொருள் கெடுமா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சப்மெர்சிபிள் மோட்டாரை ஆயிரம் அடி ஆழத்தில் இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டரையும் காயில் கட்டும் கடையையும் நம்பி நிம்மதியாகத் தூங்கும் குடும்பம், கூடத்துச் சுவரில் மாட்டிய டிவிக்குப் பயப்படக் காரணமில்லை. காட்டில் போடும் கணக்கை ஷோரூமுக்கும் கொண்டுபோனால் போதும்.